எறும்பு முற்றத்துக் கடிதம்

அந்த வெள்ளிக்கிழமை காலை மழை தூறியதா இல்லையா என்பதில் எனக்கு இன்றுவரை தெளிவில்லை. தூறியது, என் செருப்புகூட வழுக்கியது என்கிறாள் அக்கோஷியா. சந்தைக்காரர்களோ அந்த ஆகஸ்டு மாதம் முழுக்க ஒரு சொட்டு விழவில்லை என்று சாதிக்கிறார்கள். இந்தக் கதையில் நான் சொல்லப்போகும் வேறு சிலவும் இப்படித்தான் இருக்கும். பல வாய்களில் கேட்டதைக் கோத்திருக்கிறேன். எங்கேயாவது முடிச்சு தவறியிருக்கலாம். இரண்டு விஷயங்கள் மட்டும் தவறவில்லை. அன்று இரட்டையர் திருநாள். அன்று மத்தியானத்திலிருந்து மூன்று நாளைக்கு அக்கோஷியா வாயிலிருந்து கிண்டலாக ஒரு சொல்கூட வரவில்லை. அவளைத் தெரிந்தவர்களுக்கு இரண்டாவதுதான் பெரிய செய்தி.

அக்ராவின் பழைய பேட்டையான ஜேம்ஸ் டவுனில், தையல் மிஷின் பழுது பார்க்கும் கடைக்கு மேலே ஒற்றை அறை. அதுதான் சோவாவின் துப்பறியும் அலுவலகம். சோவா இருபத்தேழு வருஷம் போலீஸில் இருந்தவர். அதில் பாதி வருஷம் பொய்ப் பத்திரம் எழுதுகிறவர்களைத் துரத்திப் பிடிப்பதிலேயே போனது. அதிகம் பேசமாட்டார். ஒரு கேள்வி கேட்டால், பதில் வருவதற்குள் கீழே ஒரு மிஷினைக் கழற்றி மாட்டிவிடலாம்.

அவர் பேசாததையெல்லாம் சேர்த்துப் பேசத்தான் அக்கோஷியா இருந்தாள். தபால் நிலைய வாசலில் மனு எழுதிக் கொடுக்கும் கிழவர் ஒருவரிடம் டைப் அடித்துக்கொண்டிருந்தவள். யாருக்கோ பொய்யாக ஒரு பிறப்புச் சான்றிதழ் எழுதிக் கொடுத்தார் என்று அந்தக் கிழவரைப் பிடித்து உள்ளே தள்ளியதே சோவாதான். இரண்டு வருஷத் தண்டனை. நடுத்தெருவில் நின்ற டைப்பிஸ்டுக்கு மறு மாதமே, ஓய்வு பெற்று இந்த அலுவலகத்தைத் திறந்த கையோடு, அவரே வேலையும் கொடுத்தார். முதலாளியைத் தூக்கினீர்கள், டைப்பிஸ்டைத் தூக்கினீர்கள், டைப்ரைட்டரை மட்டும் ஏன் விட்டுவைத்தீர்கள் என்று ஆறு வருஷமாக அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள். ஆறு வருஷமாக அவரும் பதில் சொல்லவில்லை.

இப்போது கையில் இருந்த வழக்கு டேடேயுடையது. டேடே சோள மாவைப் புளிக்கவைத்து, உருட்டி, இலையில் சுற்றி அவித்து விற்கிறவள். மூன்று படி இறங்கும் கிணறு ஒன்று, அதைச் சுற்றி ஒரு முற்றம், ஆறு அடுப்பு, அவளோடு சேர்த்து ஐந்து பெண்கள். டேடேயின் அம்மா காலத்திலிருந்து அந்த முற்றத்தில் புகை நின்றதில்லை. ஆனால் காகிதம் என்று ஒன்றும் கிடையாது. இங்கே அடுப்பு மூட்டிக்கொள் என்று யாரோ ஒரு பெரியவர் என்றைக்கோ வாயால் சொன்ன சொல்தான்.

அங்கேதான் வந்து விழுந்தது அந்தக் கடிதம். நகரத்துக்குப் பெயர் வந்த கதையைக் கல்லில் வெட்டி நாட்டவேண்டும் என்று ஒரு குழு அமைத்திருந்தார்கள். கல்லை எங்கே நாட்டுவது என்று அவர்கள் முழித்துக்கொண்டிருந்த நேரத்தில், மூடிக் கிடந்த பழைய மிஷன் பள்ளியின் சாமான் அறையைக் காலிசெய்தபோது ஒரு கண்ணாடிச் சட்டம் கிடைத்தது. சட்டத்துக்குள் ஆயிரத்து எண்ணூற்று இருபத்தாறாம் வருஷத்து ஆங்கிலக் கடிதம். கோட்டையில் வேலை பார்த்த ஒரு குமாஸ்தா தன் வெள்ளைக்கார நண்பனுக்கு எழுதியது.

‘தாங்கள் அக்ரா என்று எழுதும் இந்த ஊரை அண்டை நாட்டார் இன்க்ரான் என்பார்கள். அவர்கள் மொழியில் அது எறும்பு. எங்கள் முன்னோர் எறும்புச் சாரைபோல வந்து இறங்கியதால் அந்தப் பெயர் என்பார் சிலர். நான் அறிந்தது வேறு. மூன்று படிக் கிணற்றுக்குப் பின்னால் ஆள் உயரப் புற்று ஒன்று நிற்கிறது. அதைக் கண்டே இந்தப் பெயர். அந்த முற்றம் என் தகப்பன் ஓடார்ட்டேயின் மண்.’ கீழே கையெழுத்து: ஓடார்ட்டே மகன் டாவியா.

ஓடார்ட்டே குடும்பத்தார் இன்றும் பேட்டையில் பெரிய வீட்டுக்காரர்கள். விடுவார்களா? முற்றம் எங்களுடையது, கல்லை அங்கேயே நாட்டுங்கள், அடுப்புகளை எடுக்கச் சொல்லுங்கள் என்று குழுவில் மனுப் போட்டுவிட்டார்கள். திங்கட்கிழமை காலை முடிவு. கடிதம் நின்றால் டேடேயும் நாலு பெண்களும் வெளியே. கடிதம் விழுந்தால் அடுப்பு எரியும். டேடே படியேறி வந்து, சோவாவின் முகத்தையே பார்த்தபடி இதைச் சொல்லிவிட்டு, வேறு யாரிடமும் போகப்போவதில்லை என்றும் சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

முதல் நாள் கடிதத்தின் நகலைப் படித்ததும் அக்கோஷியா துள்ளிவிட்டாள். ஊர்ப் பெயர் அதில் ஐந்து இடத்தில் வருகிறது. நான்கு விதமாக எழுதியிருக்கிறது. ஓரிடத்தில் இரண்டு ‘சி’, ஓரிடத்தில் ஒற்றை ‘சி’, ஓரிடத்தில் ‘கே’, இன்னோரிடத்தில் நடுவே ஓர் ‘ஏ’ கூடுதல்.

“சொந்த ஊர்ப் பேரையே ஒழுங்கா எழுதத் தெரியாதவன் பொய்க் கடுதாசி எழுத வந்துட்டான் பாஸ். எங்க பழைய முதலாளி பாத்திருந்தா காதைத் திருகியிருப்பார்.”

சோவா கடிதத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார். பிறகு, ஆவணக் காப்பகத்துக்குப் போய்க் கேட்டு வா என்றார்.

காப்பகத்துக்காரர் சிரித்தே விட்டார். பழைய கோட்டைக் கணக்குப் புத்தகம் ஒன்றை விரித்து வைத்தார். ஒரே குமாஸ்தா, ஒரே பக்கம், ஊர்ப் பெயர் மூன்று விதம். போர்த்துக்கீசியர் ஒரு மாதிரி எழுதினார்கள், டச்சுக்காரர்கள் ஒரு மாதிரி, டேனிஷ்காரர்கள் வேறு, ஆங்கிலேயர் வேறு. நாம் இந்த ஊரை அந்தப் பெயரால் கூப்பிட்டதே இல்லையே, நம் பாஷையில் இதன் பெயர் ‘கா’ அல்லவா என்றார் அவர். பக்கத்து ஊர்க்காரன் வைத்த பட்டப்பெயரைக் கப்பலில் வந்தவன் எல்லாம் அவனவன் காதுக்கும் பேனாவுக்கும் தோதாக எழுதிவைத்தான். கடிதம் முழுக்க ஒரே மாதிரி எழுதியிருந்தால்தான் சந்தேகப்படவேண்டும்.

அந்த வழி அடைபட்டது. அடுத்தது காகிதம். அதுவும் அந்தக் காலத்துக் காகிதம்தான். ஏதோ பழைய மிஷன் பேரேட்டின் எழுதாத தாள். மையும் பழைய முறையில் காய்ச்சியது. ஒவ்வொன்றாக அடைபட அடைபட அக்கோஷியாவுக்கு எரிச்சல் ஏறியது.

“இதை எவன் செஞ்சானோ, அவன் கையைப் புடிச்சு டேடே அக்கா அடுப்புல வைக்கணும் பாஸ். பெத்தவளுக்கு ஒரு வாய் தண்ணி ஊத்தியிருக்க மாட்டான்.”

சோவா மேஜை மேலிருந்த தடித்த அகராதியை நகர்த்தி வைத்தார். அது வெகுகாலமாக அங்கே கிடப்பது. அதன் முதல் தாளை அட்டையோடு பசை போட்டு ஒட்டியிருக்கும். எந்த நூலகத்தில் சுட்டது என்று அவள் அடிக்கடி கேட்பாள். அன்று கேட்கவில்லை.

மூன்று தடவை அவள் கையெழுத்தைப் பற்றிக் கேட்டாள். யார் இந்த டாவியா, ஓடார்ட்டே வீட்டில் போய் விசாரிக்கலாமா என்று. மூன்று தடவையும் ஒரே பதில்.

“கையெழுத்தை விடு. காகிதத்தைப் பாரு.”

வெள்ளிக்கிழமை அலுவலகம் கிடையாது. மறுநாள் ஹோமோவோ, பசியை எள்ளி நகையாடும் பெருநாள். அதற்கு முந்தின நாள் இரட்டையருடையது. இரட்டைப் பிள்ளை பிறந்த ஒவ்வொரு வீட்டு வாசலிலும் பச்சிலைத் தண்ணீர் நிறைந்த வாயகன்ற பானை, அதன்மேல் காட்டு மாட்டுக் கொம்பு, உள்ளே முட்டை. சின்னதும் பெரியதுமாக இரட்டையர்கள் வெள்ளை உடுத்தி, முகத்தில் வெண்களிமண் பூசிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். சாயங்காலம் பானையைத் தூக்குகிறவனுக்கு ஆவேசம் வந்து ஓடுவான். தெருவே பின்னால் ஓடும்.

சும்மா இருக்கப் பிடிக்காமல் அக்கோஷியா அந்தக் கூட்டத்துக்குள் நெளிந்து ஓடார்ட்டே வீட்டுக்குப் போனாள். திருநாள் வணக்கம் சொல்ல வந்ததாகச் சொல்லிக்கொண்டாள். தெருவில் பத்து வீட்டுக்கு மூன்று வீட்டு வாசலில் கொம்பு. அந்தப் பெரிய வீட்டு வாசல் மட்டும் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. குடும்பத் தலைவர், அவரும் ஓடார்ட்டேதான், தோளில் சரிகைத் துணி போட்டு நாற்காலியில் இருந்தார்.

என்ன தாத்தா, உங்கள் கொம்பு வெயிலுக்குப் போயிருக்கிறதா என்று கேட்டாள். அவர் கோபப்படவில்லை. பெருமைதான் பட்டார்.

“இந்த வீட்டுல ரெட்டை பொறந்ததே கிடையாதும்மா. எட்டுத் தலைமுறை. மொதப் பையன், ரெண்டாம் பையன், மூணாம் பையன், அதது வரிசையா வந்திருக்கு. ஒரு எடத்துல அறுந்ததில்ல. வேணும்னா சுவத்தைப் பாரு.”

சுவரில் வம்ச வரிசை எழுதியிருந்தது. தாத்தா தலைமுறைப் பெயர்கள் ஒரு தொகுப்பு, அப்பா தலைமுறைப் பெயர்கள் ஒரு தொகுப்பு, பிறகு மறுபடி தாத்தாவின் தொகுப்பு. எங்கள் ஊரில் பெயரைச் சொன்னாலே எந்த வீடு, எந்தத் தலைமுறை, எத்தனையாவது பிள்ளை என்று சொல்லிவிடலாம். முதல் ஓடார்ட்டேயின் பிள்ளைகள் ஐந்து பேர் நெருக்கமில்லாமல் அழகாக இருந்தார்கள். அவர்களுக்கு ஓரத்தில், மூச்சு முட்டுகிற இடத்தில், ஆறாவதாக ஒருவன் திணிக்கப்பட்டிருந்தான். டாவியா. அந்தப் பெயிண்டைத் தொட்டால் விரலில் ஒட்டும் போலிருந்தது.

அக்கோஷியா சுவரையே பார்த்தாள். இன்றைக்கு டாவியா என்று ஆயிரம் பேர் இருக்கிறார்கள். பள்ளியில் சேர்க்கும்போது அப்பன் பெயர் குடும்பப் பெயராக ஒட்டிக்கொண்டு தலைமுறை தலைமுறையாக வருகிறது. அதனால் யார் கண்ணும் அதில் நிற்பதில்லை. ஆனால் இருநூறு வருஷம் முன்னால் ஏது குடும்பப் பெயர்? அன்றைக்கு டாவியா என்றால் ஒரே அர்த்தம்தான். இரட்டையருக்கு அடுத்துப் பிறந்த பிள்ளை. வேறு எவனுக்கும் அந்தப் பெயர் வைக்கமாட்டார்கள். இரட்டையே பிறக்காத வீட்டில் டாவியா எங்கிருந்து வருவான்?

பெரியவர் இளநீர் வெட்டச் சொன்னார். அதைக் குடிக்கக்கூட நிற்காமல் ஓடினாள் அவள்.

சோவாவின் வீடு கோர்லே கோன்னோவில், உப்பங்கழிக்கு அந்தப் பக்கம். ஆறு வருஷத்தில் ஒரு தடவைகூட அவர் வீட்டுக்கு வரச்சொன்னதில்லை. வேனில் தொங்கிக்கொண்டு, வழி விசாரித்து, வெற்றிச் செய்தியைப் பல்லுக்கிடையில் பிடித்துக்கொண்டு போய் நின்றாள். வாசலில் பானை இருந்தது. அதன்மேல் கொம்பு இருந்தது.

அக்கோஷியா ஒரு கணம் வீடு மாறி வந்துவிட்டோமோ என்று நினைத்தாள். சோவாவின் மனைவி அமெர்லி வெளியே வந்து, டைப்பிஸ்டுப் பெண்தானே, வா, உன்னைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் சொன்னதில்லை, அதனாலேயே எனக்கு உன்னை நன்றாகத் தெரியும் என்று சொல்லிக் கையைப் பிடித்தாள். பானைக்குப் பக்கத்தில் வெள்ளை உடுத்தி, முகமெல்லாம் வெண்களிமண்ணோடு ஒரு பருத்த கிழவர் உட்கார்ந்திருந்தார். ஓக்கோ, மீன்பிடிக்கிறவர். சோவாவின் அண்ணன், இரட்டையரில் ஒருவர். இன்னொருவர் இருபது வயதில் கடலோடு போய்விட்டார். அவருக்கும் சேர்த்து ஒரு தட்டு பக்கத்தில் வைத்திருந்தது.

“நாங்க ரெண்டு பேரு மொதல்ல வந்தோம். வாலைப் புடிச்சுக்கிட்டுப் பின்னாலயே வந்தவன்தான் உங்க இன்ஸ்பெக்டர்” என்றார் ஓக்கோ. பிறகு உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார்.

“டேய் டாவியா, உன்னத் தேடிக்கிட்டு ஆள் வந்திருக்கு பாரு.”

உள்ளேயிருந்து சோவா வந்தார். அக்கோஷியாவைப் பார்த்தார். அவள் முகத்தில் என்ன இருந்ததோ, ஒன்றும் கேட்காமல் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

அமெர்லி பனையெண்ணெய் விட்டு மசித்த கிழங்கும் முட்டையும் தட்டில் கொண்டுவந்து வைத்தாள். திருநாள் சாப்பாட்டை வேண்டாம் என்று சொல்லக்கூடாது. அக்கோஷியா ஒவ்வொரு கவளமாக விழுங்கினாள். கையைப் பிடித்து அடுப்பில் வைக்கவேண்டும் என்று சொன்னது நினைவுக்கு வந்தது. பெற்றவளுக்குத் தண்ணீர் ஊற்றியிருக்க மாட்டான் என்றது நினைவுக்கு வந்தது. இன்னும் என்னென்னவோ சொல்லியிருந்தாள். அவர் அத்தனையையும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டிருந்தார். தட்டு காலியாகும்வரை அவள் தலையைத் தூக்கவில்லை.

பிறகு இருவரும் கடற்கரை வரை நடந்தார்கள். படகுகள் மேட்டில் ஏறிக் கிடந்தன. கடைசியில் அவர்தான் ஆரம்பித்தார். அவர் சொன்னதைச் சுருக்கித்தான் சொல்லவேண்டும். அவரே சுருக்கமாகத்தான் சொன்னார்.

ஐம்பத்தேழாம் வருஷம், நாடு விடுதலை அடைந்த மார்ச் மாதம். மிஷன் பள்ளியில் கண்காட்சி. நம் ஊரைப் பற்றிய பழைய பொருள் எதையாவது வீட்டிலிருந்து தேடிக் கொண்டுவாருங்கள் என்றார் வாத்தியார். பதினாலு வயது சோவாவின் வீட்டில் தேட என்ன இருந்தது? வலை இருந்தது, துடுப்பு இருந்தது, இரட்டையர் பானை இருந்தது. பள்ளிச் சாமான் அறையில் பழைய பேரேடு கிடந்தது. தாளைக் கிழித்தான். பள்ளியில் அப்போதும் பழைய முறையில்தான் மை காய்ச்சினார்கள்; அதையே எடுத்துக்கொண்டான். அங்கேயே கிடந்த கோட்டைக் கடிதங்களைப் பார்த்து எழுத்தைப் பழகினான். ஊர்ப் பெயரை அவை எப்படியெல்லாம் மாற்றி மாற்றி எழுதியிருந்தனவோ அப்படியே எழுதினான். அப்பா பெட்டியில் கிடைத்தது என்று வாத்தியாரிடம் கொடுத்தான். வாத்தியார் நம்பினார். சட்டம் போட்டு மாட்டினார். முதல் பரிசு ஓர் அகராதி.

“மூணு படிக் கிணத்தை ஏன் எழுதினீங்க?”

“டேடேயோட அம்மா எனக்குப் பானை அடி சுரண்டிக் குடுப்பா. தினம் அந்தக் கிணத்துக்குப் பின்னாலதான் உக்காந்து தின்பேன். அங்க ஒரு எறும்புப் புத்து இருந்துச்சு. முழங்கால் உயரம். அந்த எடத்துக்கு ஒரு பெருமை சேத்துவிடணும்னு தோணிச்சு.”

“ஓடார்ட்டே?”

“பெரிய வீட்டுப் பேரு இருந்தா வாத்தியார் நம்புவார்னு போட்டேன்.”

டாவியா என்ற பெயர் ஏன் என்று அவள் கேட்க வேண்டியிருக்கவில்லை. அவரே சொன்னார். வருஷா வருஷம் அண்ணன்மார் இருவருக்கும் வெள்ளைத் துணி, முட்டை, தெரு நிறைய ஆட்டம். மூன்றாமவன் பானைக்குத் தண்ணீர் சுமப்பான். அவனுக்கென்று ஒரு பெயர்கூட இல்லாத மாதிரி, அவர்களுக்கு அடுத்தவன் என்பதே பெயர். கண்காட்சி அன்று அந்தப் பெயரை மேடையில் உரக்கப் படித்தார்கள். அப்பா கூட்டத்தில் நின்று கேட்டார். வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அவன் தோளில் கை வைத்தபடியே வந்தார்.

“நகலைப் பாத்த அன்னிக்கே தெரியும், இல்ல பாஸ்?”

“மொத வரியிலயே.”

“அப்புறம் எதுக்கு என்னக் காப்பகத்துக்கும் காகிதத்துக்கும் அலையவிட்டீங்க?”

“வேற எதாவது ஓட்டை கெடைக்கும்னு பாத்தேன். நான் வாயத் தொறக்காமலே கடுதாசி விழட்டும்னு.” அவர் மணலைப் பார்த்தார். “அந்தப் பய நல்லா செஞ்சுட்டான்.”

அக்கோஷியாவுக்குப் பழைய முதலாளியின் ஞாபகம் வந்தது. சிறையிலிருந்து வந்த பிறகு அவர் தபால் நிலையப் பக்கமே போகவில்லை. ஒரு வருஷத்தில் செத்துப்போனார்.

“அவருக்கு ரெண்டு வருஷம் வாங்கிக் குடுத்தீங்க. உங்களுக்கு அகராதி.”

சொல்லி முடித்ததும் அவளுக்கே சுருக்கென்றது. அலை இரண்டு தடவை வந்து போனது. ஆமாம் என்றார் பிறகு.

இரட்டை பிறக்காத வீடு என்ற துப்பு ஒன்றே போதுமே, உங்கள் பெயரை இழுக்காமல் திங்கட்கிழமை நானே சொல்லிவிடுகிறேன் என்று அவள் சொல்லிப்பார்த்தாள். சொல்லும்போதே அது நிற்காது என்று அவளுக்குத் தெரிந்தது. சுவரில் ஒரு டாவியாவைத் திணித்தவருக்கு, குழந்தையிலேயே செத்துப்போன இரட்டையர் இருவரைத் திணிக்க எவ்வளவு நேரமாகும்? பெயிண்ட் டப்பா வீட்டிலேயே இருக்கிறது.

சனிக்கிழமை ஊரே சோள மாவும் பனைக்கொட்டைக் குழம்புமாக மணத்தது. அக்கோஷியா யாரிடமும் வாய் திறக்கவில்லை. உடம்பு சரியில்லையா என்று கேட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வாழ்த்து நாள். விடிந்ததும் அந்த வருஷம் செத்தவர்களை நினைத்து அழுவோம். பிறகு வீடு வீடாகப் போய், நீ நெடுநாள் இரு, இந்த வருஷம் போல் மறு வருஷமும் வரட்டும் என்று வாழ்த்துச் சொல்வோம். வருஷம் முழுக்க முகம் கொடுக்காதவர்கள்கூட அன்று வந்து நின்றால் வாழ்த்தை மறுக்கக்கூடாது. வாழ்த்திவிட்டால் அதோடு வழக்கு முடிந்தது; பிறகு அதைப் பேசக்கூடாது.

அக்கோஷியா டேடேயின் முற்றத்துக்குப் போனபோது சோவா அங்கே முன்பே வந்து கிணற்றடியில் நின்றுகொண்டிருந்தார். அன்று அடுப்புகள் எரியவில்லை. டேடே பானையைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். அவர் வாழ்த்துச் சொல்ல வாயெடுத்தார். வரவில்லை. மறுபடி முயன்றார்.

“டேடே, அந்தக் கடுதாசியை எழுதினது நான்தான்.”

தெருவில் யாரோ யாரையோ வாழ்த்தும் சத்தம் கேட்டது. அது ஓய்ந்து, அடுத்த வீட்டில் கேட்டு, அதுவும் ஓய்ந்தது.

“தெரியும்” என்றாள் டேடே.

அக்கோஷியாதான் ஓரடி பின்னால் போனாள். சோவா நின்ற இடத்திலேயே நின்றார்.

“அவங்க வக்கீலு இங்க வந்து கடுதாசிய எங்க பாஷையில சொல்லிக் காட்டினாரு. கிணத்துக்குப் பின்னால புத்துன்னாரு. அப்புறம் டாவியான்னாரு. இந்தக் கிணத்துக்குப் பின்னால உக்காந்து தின்ன டாவியா ஒருத்தன்தானே. எங்கம்மா சாகற வரைக்கும் உன்ன அப்படித்தான கூப்பிட்டா.”

“தெரிஞ்சும் ஏன் எங்கிட்ட…”

“அடுப்புக்காரி சொன்னா எடத்துக்காகப் பொய் சொல்றாம்பாங்க. அதை விடு. கண்டுபுடிச்சுக் குடுன்னா உங்கிட்ட வந்தேன்? நீயா சொல்லுவேன்னு வந்தேன். பதினேழு நாளா தினம் உன் வாசலப் பாத்துக்கிட்டிருக்கேன்.”

அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் அக்கோஷியா கிணற்றின் படிகளை எண்ணினாள். மூன்றுதான். மறுபடி எண்ணினாள்.

சோவா வாழ்த்தைச் சொன்னார். டேடே எழுந்து பானையை நிமிர்த்தினாள். மறுக்கக்கூடாத வாழ்த்துக்கு மறுவாழ்த்து சொல்லாமல், அவர் தோளில் ஒட்டியிருந்த சாம்பலைத் தட்டிவிட்டாள்.

“நான் நாளைக்குச் சொல்றேன். நீ அங்க பேசிட்டு வா.”

திங்கட்கிழமை குழுவின் முன்னால் ஓடார்ட்டே வீட்டு வக்கீல் முக்கால் மணிநேரம் பேசினார். சோவா நாலு நிமிஷம் பேசினார். முப்பது பேர் இருந்தார்கள். பாதிப்பேருக்கு அவரைப் போலீஸ் உடுப்பில் தெரியும். அகராதியை மேஜைமேல் வைத்து, ஒட்டியிருந்த முதல் தாளை எல்லாருக்கும் முன்னால் நகத்தால் பிரித்தார். வெந்நீரில் நனைத்துத்தான் கொண்டுவந்திருந்தார், இருந்தும் ஓரம் கிழிந்தது. உள்ளே பள்ளி முத்திரையோடு எழுதியிருந்தது: ‘முதல் பரிசு. நம் நகரத்தின் பெயர் குறித்த பழங்கடிதத்தைக் கண்டெடுத்தமைக்காக. சோவா டாவியா, 1957.’ கடிதத்தின் கையெழுத்துக்குப் பக்கத்தில் அவர் அதே பெயரை இன்னொரு தடவை எழுதிக் காட்டினார். கை மாறவில்லை. பின்வரிசையில் ஒருவர் சிரித்தார். அதன்பிறகு யாரும் சிரிக்கவில்லை.

அவர் வெளியே வரும்போது டேடே வாசலில் நின்றாள். ஒரு நாள் தாமதமாக மறுவாழ்த்தைச் சொன்னாள்.

அதற்குப் பிறகு நடந்தவை இவ்வளவுதான். பெயர்க்கல்லைச் சாலை முக்கில் நாட்டினார்கள். எறும்பு பற்றிய இரண்டு கதையும் அதில் இருக்கிறது, புற்று எங்கே இருந்தது என்பது இல்லை. டேடேயின் ஆறு அடுப்பும் அதே முற்றத்தில் எரிகின்றன. ஓடார்ட்டே பெரியவர் சுவரில் ஆறாவது பெயரை வெள்ளையடித்து மறைத்தார். அந்த இடம் மட்டும் இன்னும் வேறு நிறமாகத் தெரிகிறது. ஓக்கோ மறு வருஷம் மழைக்காலத்தில் இறந்தார். வாசல் பானையை இப்போது சோவா நிரப்புகிறார். பதினாலு வயதுப் பையன் செய்ததற்கு அவர்மேல் வழக்கு ஒன்றும் போடவில்லை. ஆனால் அவர் அலுவலகத்துக்குத் திரும்பவில்லை. மனு எழுதிய கிழவரின் மனைவி வீட்டுக்கு ஒரு நாள் போனார். கதவு திறக்கவில்லை. அதன்பிறகும் மாதம் ஒரு தடவை போய், சற்று நேரம் நின்றுவிட்டு வருகிறார். அலுவலகத்தை அக்கோஷியா நடத்துகிறாள். கிண்டல் திரும்பிவிட்டது, முன்னளவுக்கு இல்லை. கடிதம் காப்பகத்தில் இருக்கிறது. சட்டத்தின் கீழே புதிதாக ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறார்கள்: எழுதப்பட்டது 1957. எழுதியவர் டாவியா.